அம்மன் "நான் இல்லை" என்று சொன்ன நாள்

கோயிலில் மேளம் தொடங்கினால் என் அக்காவின் மகள் தர்சினி விழுந்துவிடுவாள். கை விரல்கள் மடங்கி விறைக்கும். கண் மேலே சொருகும். "ஓடுங்க, வருது, ஓடுங்க" என்று கத்துவாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. ஊர் அதை அம்மன் வாக்கு என்றது. அவளைப் பெறாமல் வளர்க்கும் எனக்கு அது என்னவென்று விளங்கவில்லை. விளங்காமல் கிடந்து நான் அம்மனிடம் கேட்டதையும், அவள் எனக்குத் தந்த பதிலையும்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு நாலு பேர் முன்னால் கதைத்துப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கோயிலிலும் பெண்கள் வரிசையில் கடைசியாகத்தான் நிற்பேன். கோயில் சடங்குக்குப் போடும் மலருக்கு எழுதித் தாருங்கள் என்று கோயில்காரர் கேட்டபோது என்னால் ஏலாது என்றுதான் சொன்னேன். தர்சினிதான், "எழுதுங்க சின்னம்மா. எண்ட பேரையும் போடுங்க. ஆனா என்னப் பெரிய ஆளாக்கிப் போடாதீங்க" என்றாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

என் அக்கா வாழ்க்கைப்பட்டது களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில், கடலுக்குக் கிட்ட. நான் வாவிக்கு இந்தப் பக்கம், வெல்லாவெளிப் பக்கத்தில் எங்கள் வயல் வட்டையோடு இருந்தேன். எங்களுக்குப் பிள்ளையில்லை. அதனால் தர்சினி பாடசாலை விடுமுறைக்கெல்லாம் என்னிடம் வந்து நிற்பாள். 2004ஆம் ஆண்டு மார்கழி விடுமுறைக்கு மட்டும் வரவில்லை. திருவெம்பாவை முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. அக்காவின் உடலை அடுத்த நாள் எடுத்தோம். அத்தானை எடுக்கவேயில்லை. பிள்ளை ஒரு வளவின் முட்கம்பி வேலியில் சிக்கிக்கிடந்து தப்பியிருந்தாள். அவளுக்கு அப்போது பதினொரு வயது. அவள் அழவில்லை. "நான் சின்னம்மாட்ட வாறன்" என்று மட்டும் சொன்னாள். எங்கள் பக்கம் பாதை என்று சொல்கிற மிதவைப் படகில் அவளை ஏற்றி வாவியைக் கடந்து கூட்டி வந்தேன். கடல் வராத இடத்துக்குக் கொண்டு வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கடல் வரவில்லை. 2007ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஷெல் வந்தது. வட்டைக்குள்ளும் வீட்டுக்குப் பின்னாலும் விழுந்தது. நாங்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு, கதவைக்கூடப் பூட்டாமல் துறைக்கு ஓடினோம். அங்கே சனத்துக்குள் நெரிபட்டு நின்றபோதும் பின்னால் சத்தம் கேட்டபடியே இருந்தது. தர்சினி என் சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள். எந்தக் கரையிலிருந்து அவளைக் காப்பாற்றிக் கொண்டு வந்தேனோ அந்தக் கரைக்கே அகதியாகப் போனோம். சில மாதம் முகாமில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பினோம்.

சண்டை நடந்த காலத்தில் அவள் நன்றாகத்தான் இருந்தாள். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. சோறு சமைப்பாள், படிப்பாள், கிணற்றில் தண்ணீர் அள்ளுவாள். சிரிப்பு மட்டும் இல்லை. பின்னால் யாராவது வந்து கூப்பிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிடுவாள். நித்திரையில் பல்லை நெறிப்பாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் மூச்சுத் திணறுவாள். வளருகிற பிள்ளை, சரியாகிவிடும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நானும் நம்பினேன்.

2009ஆம் ஆண்டு மே மாதம் சண்டை முடிந்தது என்றார்கள். இனி ஒன்றும் இல்லை என்று நாங்கள் மூச்சு விட்ட நேரத்தில்தான் பிள்ளை உடைந்தாள்.

அந்த வைகாசியில் எங்கள் ஊரில் பல வருடங்களுக்குப் பிறகு அம்மனுக்குப் பெரிய சடங்கு வைத்தார்கள். பறை மேளம் வெளியூரிலிருந்து வந்தது. முதல் நாள் பகல் பூசை. நடை திறந்து மேளம் முழங்கியதும் தர்சினி என் பக்கத்தில் நடுங்கத் தொடங்கினாள். கூந்தல் அவிழ்ந்தது. விழுந்தாள். "ஓடுங்க, வருது" என்று கத்தினாள்.

"அம்மன் வந்திட்டா! கன்னிப் புள்ளையில வந்திட்டா!" என்று முன்னால் நின்றவர்கள் கத்தினார்கள். யாரோ அவள் கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். யாரோ மஞ்சள் நீரை முகத்தில் ஊற்றினார்கள். அவள் இன்னும் கூடக் கத்தினாள். சனம் கையெடுத்துக் கும்பிட்டது.

எங்கள் ஊரில் தெய்வம் ஏறியவர் சொல்லும் வாக்கைக் கட்டு என்போம். கட்டைத் தட்டுவதில்லை. 'ஓடுங்க, வருது' என்பது கட்டு என்று ஊர் எடுத்துக்கொண்டது. பின்னேரத்துக்குள் எத்தனையோ குடும்பம் உடுப்பையும் அரிசியையும் மூட்டை கட்டிவிட்டது. கடல் வாவியைத் தாண்டி வரப்போகிறது என்றார்கள் சிலர். சண்டை திரும்ப வரும் என்றார்கள் சிலர். ஒன்றும் வரவில்லை. அம்மன் முன்கூட்டிச் சொன்னதால்தான் வராமல் போனது என்றார்கள். பிள்ளையின் பேர் இன்னும் பெரிதாகியது.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வாசலுக்குச் சனம் வரத் தொடங்கியது. வெற்றிலையும் தேசிக்காயும் கொண்டு வருவார்கள். அதிகம் வந்தது தாய்மார்தான். காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார். அவர்களில் புவனம் அக்காவை நான் மறக்க ஏலாது. அவவின் மகன் சண்டையின் கடைசி மாதங்களில் எங்கே போனான் என்று தெரியாமல் இருந்தான். அவன் உடுத்த சேட் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு தர்சினி முன்னால் இருப்பா.

"தாயே, எண்ட புள்ள உசிரோட இரிக்கானா? ஒரு சொல்லு சொல்லு தாயே."

தர்சினி என்னைப் பார்ப்பாள். வந்தவர்களில் யாராவது மேளக்காரப் பையனைக் கூட்டி வந்து மேளத்தில் இரண்டு அடி அடிக்கச் சொல்வார்கள். அவள் விழுவாள். அவள் வாயில் வருவதை அவரவர் தமக்கு ஏற்றபடி எடுத்துக்கொண்டு போவார்கள்.

அவள் பாடசாலையை விட்டாள். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை எழுதவில்லை. மெலிந்து எலும்பாகப் போனாள். ஒருநாள் அவள் கேட்டாள்: "சின்னம்மா, எனக்குள்ள அம்மன் இரிந்தா எனக்கு ஏன் இவ்வளவு பயமா இரிக்கு?"

வாசலுக்கு வருகிறவர்களைப் போகச் சொல்ல எனக்கு வாய் இல்லை. அம்மனை மறுத்தால் குற்றம் வந்துவிடுமோ என்றும் பயம். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயைப் படலை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்ப யாரால் முடியும்?

அடுத்த வருடம் சடங்கு கிட்ட வந்தது. தர்சினிக்குச் சிவப்புச் சேலை கட்டி, கையில் சிலம்பு கொடுத்து, அம்மன் ஆடுகிறவர்களோடு சேர்த்து ஆடவைக்கப் போவதாகப் பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். ஒருமுறை சிலம்பு கையில் வாங்கினால் பிறகு வருடா வருடம் ஆட வேண்டும். படிப்பு, கலியாணம் எல்லாம் அதற்குப் பிறகுதான். என் வீட்டுக்காரர் மறுத்துப் பார்த்தார். "அம்மன் கேட்டத இல்ல எண்டு சொல்ல நீ ஆரு மனிசன்?" என்று அவர் வாயை அடைத்தார்கள்.

அன்று நான் கோயிலுக்குப் போனேன். நடை சாத்தியிருந்தது. ஒருவரும் இல்லை. வெளியே மணலில் விழுந்து கிடந்து அழுதேன். எனக்கு மந்திரம் தெரியாது. என் வாயில் வந்தது இதுதான்:

"அம்மா, இவளில நீதான் வந்திரிக்கிறாய் எண்டா இவளச் சிரிக்க வை. நீ இல்லையெண்டா அத உண்ட வாயால சொல்லு. நான் சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நீ சொன்னா கேப்பாங்க."

சடங்கு தொடங்கிய நாளிலிருந்து ஒரு நேரச் சோறுதான் சாப்பிட்டேன். அந்த ஒரு வேண்டுதலைத் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கடைசி நாள் பகல். தர்சினிக்குச் சிவப்புச் சேலை கட்டிக் கூட்டி வந்தார்கள். அவள் என் கையை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்துக் கொண்டு போனார்கள். நடுவில் நாகமணி அண்ணனில் அம்மன் ஏறி நின்றாள். நாகமணி அண்ணன் மற்ற நாட்களில் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் மனிதர். அதிகம் கதைக்க மாட்டார். அவரில் பல வருடங்களாக அம்மன் வருகிறாள். அவர் சொல்லும் கட்டை ஊரில் யாரும் இரண்டு தரம் கேட்பதில்லை.

பறை உச்சத்தில் முழங்கியது. தர்சினி விழுந்தாள். "ஓடுங்க, வருது!" என்றாள். சனம் "தாயே!" என்று கத்தியது. பூசாரியார் சிலம்போடு முன்னால் வந்தார்.

நாகமணி அண்ணனில் நின்ற அம்மன் ஆட்டத்தை நிறுத்தினாள். வந்து பிள்ளையின் தலைமாட்டில் நின்றாள்.

"மேளத்த நிப்பாட்டு."

ஒருவரும் நிறுத்தவில்லை. தெய்வம் ஆடும்போது மேளத்தை நிறுத்துவது எங்கள் ஊரில் இல்லை. நிறுத்தினால் ஆடுகிறவருக்கு உயிராபத்து என்பார்கள். மேளக்காரர் பூசாரியாரைப் பார்த்தார். பூசாரியார் சனத்தைப் பார்த்தார்.

"நிப்பாட்டு எண்டன்! ஆரு இந்தப் புள்ளைக்குச் சிவப்புக் கட்டினது? இவளில நான் இல்ல. நான் இல்ல! இது பயந்த புள்ள. எண்ட பேரச் சொல்லி ஏன் இவளப் போட்டு வதைக்கிறீங்க?"

மேளம் நின்றது. அந்த வெளியில் காகம் கரைவது கேட்டது. நான் எப்படி முன்னால் போனேன் என்று எனக்குத் தெரியாது. வரிசையில் கடைசியாக நிற்கிற நான் சனத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பிள்ளையை மடியில் எடுத்தேன். சத்தம் நின்ற கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணைத் திறந்தாள்.

"சின்னம்மா, வீட்ட போவம்" என்றாள்.

அம்மன் என்னைப் பார்த்தாள். "மருந்துக்குக் கொண்டு போ. அங்கயும் நான் இரிக்கன்." அவ்வளவுதான். பிறகு நாகமணி அண்ணன் மரம் சாய்வது போலச் சாய்ந்தார். அவரை உள்ளே தூக்கிப் போனார்கள்.

நான் கேட்டதை அம்மன் தன் வாயால் சொன்னாள். நான் மணலில் கிடந்து என்ன கேட்டேன் என்று ஒரு மனிதருக்கும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரருக்குக்கூட. நாகமணி அண்ணன் இரக்கப்பட்டு அப்படிச் சொல்லியிருப்பார் என்று இன்றைக்கும் சிலர் கதைப்பார்கள். நான் பிறகு அவருடைய கடையில் வைத்து அவரிடமே கேட்டேன்.

"எனக்கு ஒண்டும் நினைவில்ல தங்கச்சி. விழுந்த மறுகா தலையிடி மட்டும் கிழமைக் கணக்கா இரிந்திச்சு. மேளம் இல்லாமக் கதைக்க அம்மனுக்குத் தெரிஞ்சிரிக்கு. மேளம் இல்லாம ஆட்டத்தில இரிந்து இறங்க எனக்குத் தெரியல்ல" என்று சிரித்துக்கொண்டே டியூப் ஒட்டினார்.

அடுத்த கிழமை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். துறையில் ஒருத்தி கேட்டாள்: "அம்மன் வந்த புள்ளைய விசர் ஆஸ்பத்திரிக்கா கொண்டு போறாய்?"

என் வீட்டுக்காரர் திரும்பினார். "அம்மன் சொல்லித்தான் போறம். நீ அம்மனுக்கு மேல ஆளா?"

பாதைப் படகில் ஏறியதும் தர்சினி கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீரைப் பார்க்க அவளால் ஏலாது. என் தலைப்பால் அவளை மூடி அக்கரைக்குக் கொண்டு போனேன்.

அங்கே டொக்டர் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். நித்திரைக்குக் கொஞ்சம் குளிசை தந்தார். பிறகு கதைத்து மனசை ஆற்றும் உளவளத்துணை செய்கிற மிஸ் ஒருவரிடம் அனுப்பினார். அவவும் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைதான். அவசரப்பட மாட்டா. பேனையைக் கையிலும் எடுக்கமாட்டா. எனக்கு விளங்கும்படி சொன்னா: "இது விசர் இல்ல அம்மா. மனசில பட்ட காயம். இவள மாதிரி நிறையப் புள்ளைகள் வருகுது. எங்களுக்கு அது நடந்து முடிஞ்ச விசயம். இவளுக்கு அந்தச் சத்தம் கேட்டா இப்ப நடக்குது. இப்பதான் கடல் வருகுது. இப்பதான் ஷெல் விழுகுது. ஓடுங்க எண்டு சொல்றது உங்களக் காப்பாத்த."

அவள் கத்தியது எங்களைக் காப்பாற்ற. அதைக் கேட்டு நான் அங்கேயே அழுதேன்.

மிஸ் அவளுக்கு ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தா. பயம் வரும்போது பாதத்தை நிலத்தில் ஊன்றி, இப்போது எந்த வருடம், எங்கே நிற்கிறாய், முன்னால் என்ன தெரிகிறது என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். காலையில் தேத்தண்ணியோடு வந்து, "மனே, இப்ப எந்த வருசம்?" என்பார். ஒருநாள் அவள், "சித்தப்பா, உங்களுக்குத்தான் தெரியாது. போய்க் கலண்டரப் பாருங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் அடுப்படியில் நின்று கேட்டேன். எவ்வளவு காலத்துக்குப் பிறகு என்று அம்மனுக்குத்தான் தெரியும்.

பல மாதம் போனோம். நல்லாக வந்து திரும்பவும் விழுந்த கிழமைகளும் உண்டு. ஒருநாள் மிஸ் என்னை உள்ளே கூப்பிட்டா. தர்சினி என்னிடம் ஒன்று சொல்ல வேண்டுமாம். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அண்டைக்குக் காலம்பற தூரத்தில மேளம் மாதிரிச் சத்தம் கேட்டிச்சு. திருவெம்பாவைக்குச் சாமி தூக்கி வாறாங்க எண்டு நினைச்சன். அம்மா வீட்டுக்குள்ள நிண்டா. நான்தான் சாமி வருகுது வாங்க எண்டு வெளிய ஒழுங்கைக்குக் கூப்பிட்டன். அப்பாவும் வந்தார். அது சாமியில்ல சின்னம்மா. கடல்."

இதைத்தான் அத்தனை வருடமாக நெஞ்சில் வைத்துக்கொண்டு என் வீட்டில் சோறு சமைத்திருக்கிறாள். இதைத்தான் மேளம் அடிக்கும்போதெல்லாம் திரும்பப் பார்த்திருக்கிறாள். எனக்குப் பெரிய ஆறுதல் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"மேளம் எண்டுதான் நானும் நினைச்சிரிப்பன் மனே. நானும் உன்னக் கூப்பிட்டுக்கொண்டு ஒழுங்கைக்குத்தான் வந்திரிப்பன். சாமி வந்தா நம்மட சனம் வீட்டுக்குள்ளயா இரிக்கும்?"

அவள் அப்போதுதான் அழுதாள். அம்மாவை எடுத்த நாளில் அழாத அழுகை. மிஸ் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றா. அதற்குப் பிறகு அவள் விழுவது குறைந்தது.

அவள் திரும்பப் படித்தாள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு இருந்து பரீட்சை எழுதிச் சித்தியடைந்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினாள். சடங்குக்கு முதலில் வீட்டில் இருந்தபடி மேளத்தைக் கேட்டாள். பிறகு சந்தியில் நின்று கேட்டாள். முழுக்கச் சுகம் என்று நான் பொய் எழுத மாட்டேன். இப்போதும் மார்கழி வந்தால் அவளுக்கு நித்திரை குறையும். ஆனால் அது என்னவென்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஒன்று மட்டும் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை என்னிடம் கேட்காமலே புவனம் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டாள். நான் பின்னால் ஓடினேன். புவனம் அக்கா முற்றத்தில் நெல்லுக் காய வைத்துக்கொண்டிருந்தா. தர்சினி நின்றபடியே சொன்னாள்.

"மாமி, எனக்கு உங்கட மகனப் பத்தி ஒண்டும் தெரியாது. அண்டைக்கும் தெரியாது. என்னில அம்மன் இல்ல. எனக்குப் பயம் மட்டும்தான் இரிந்திச்சு. என்ன மன்னிச்சிருங்க."

புவனம் அக்கா நெல்லைக் கையால் பரவிக்கொண்டே இருந்தா. ஏசப் போகிறா என்று நான் நினைத்தேன்.

"எனக்குத் தெரியும் புள்ள" என்றா. "நீ விழுந்து நடுங்கும்போது எண்ட புள்ளையும் எங்கயாவது இப்படிப் பயந்து கிடப்பான் எண்டு நினைப்பன். அதுக்குத்தான் வந்து உனக்கு முன்னால இரிப்பன். கட்டுக் கேக்க இல்ல."

பிறகு பாயில் இடம் விட்டு, "இரி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றா.

அன்று நாங்கள் மூன்று பேரும் பின்னேரம் வரை இருந்தோம். புவனம் அக்கா தன் மகனைப் பற்றிக் கதைத்தா. அவன் எந்தக் கறிக்குச் சண்டை பிடிப்பான், எந்தச் சட்டையைத் தோய்க்க விடமாட்டான் என்றெல்லாம் சொன்னா. தர்சினி தன் அம்மாவைப் பற்றிக் கதைத்தாள். என் அக்காவைப் பற்றி எனக்கே தெரியாத கதைகள். அந்த மகன் இன்றுவரை வரவில்லை. ஆனால் புவனம் அக்காவையும் அதே மிஸ்ஸிடம் கூட்டிப் போனது தர்சினிதான். பாதைப் படகில் ஏறும்போது கையைப் பிடித்து ஏற்றியதும் அவள்தான்.

அம்மனின் பிள்ளைகளே, நான் உங்களுக்குப் புத்தி சொல்லப் படித்தவள் இல்லை. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை சத்தம் கேட்டு நடுங்கலாம். கதைக்காமல் இருக்கலாம். காரணமில்லாமல் கோபிக்கலாம். பேய் என்றோ தெய்வம் என்றோ ஊர் சொல்லும். முதலில் அம்மனிடம் போங்கள். உங்கள் சொந்த வாயால், உங்களுக்குத் தெரிந்த பாசையில் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். கூச்சக்காரியான என்னுடைய குரலே அவளுக்குக் கேட்டது. பிறகு எழுந்து மணலைத் தட்டிவிட்டுப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள். நான் கூட வாறன்.